கர்னல் ஹாஸ்பெல் நிறுத்திய குண்டு

மாரென்கில் ஊருக்கு யோஸ்ட் ஹாஸ்பெல் மேயரானது அந்தப் பதவியை வேறு யாரும் கேட்காததால். அதே ஊரின் படைக்கு அவரே கர்னலும் ஆனது, அவருக்கிருந்த குரல் வேறு யாருக்கும் இல்லாததால். பெரிய நதியின் மேற்குக் கரையில், கப்பல் வந்து நிற்கும் அளவுக்கு ஆழமான துறையும், ஆப்பிள் காய்க்கும் அளவுக்கு நல்ல மண்ணும், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த தெருவில் நலம் விசாரிக்கும் அளவுக்கு நெருக்கமும் கொண்ட ஊர் அது. அமெரிக்கக் குடியேற்றங்களெல்லாம் கடலுக்கு அப்பாலிருந்த மன்னரோடு சண்டைக்கு நின்ற காலம் அது. யோஸ்டுக்குத் தொழில் தோல் பதனிடுவது. ஓக் மரப்பட்டை ஊறிய தண்ணீரில் வருஷக்கணக்காகக் கை நனைத்து, முழங்கை வரைக்கும் அவர் செம்பழுப்பாகிவிட்டிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் மாக்டெல்ட் அக்கரையில் ஒரு குதிரை வளர்ப்பவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மிச்சமிருந்தது அந்தக் குரல்தான். இக்கரையில் நின்று அவர் கூப்பிட்டால் அக்கரையில் மேய்கிற மாடு தலை தூக்கும் என்பார்கள், கூப்பிட்டது தன்னைத்தானோ என்று.

அந்தக் கோடையில் மன்னரின் போர்க்கப்பல் ஒன்று நதியில் ஏறி வந்தது. வருகிற வழியில் கரையோர ஊர்களைக் கொளுத்திக்கொண்டே வருகிறது என்பதைக் கப்பலுக்கு முன்னாலேயே புகையின் வாசனை வந்து ஊருக்குச் சொல்லிவிட்டது. இளவட்டங்களெல்லாம் மலைக்கணவாயைக் காக்கப் போயிருந்தார்கள். யோஸ்டின் கையில் இருந்தது முட்டிவலிக்காரர்களும் காது மந்தமானவர்களும் வாத்து சுடுகிற துப்பாக்கிகளும்தான். அவர்களைச் சந்தைத் தெருவில் வரிசையாக நிறுத்தினார். பயம் இல்லாமலில்லை, ஆனால் பயத்தை ஒரு தொட்டியில் ஊறப்போட்டுவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு. கப்பலின் முதல் குண்டு ஆப்பிள் தோப்பில் விழுந்து ஒரு மரத்தின் காய்களை மொத்தமாக உதிர்த்தது. அடுத்த குண்டு தெருவைப் பார்த்து நேராக வந்தது. கறுப்பாக, உருண்டையாக, தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல அது வருவதை எல்லோரும் பார்த்தார்கள், ஓட நேரமில்லை. யோஸ்ட் ஹாஸ்பெல் வலது கையை உயர்த்தி, பயிற்சி வெளியில் சொல்கிற அதே குரலில், "நில்" என்றார்.

குண்டு நின்றது.

ரொட்டிக்காரி நீல்ச்சேயின் கூரைக்கு மேலே, புகைபோக்கியைவிடக் கொஞ்சம் உயரத்தில், தாங்க ஒன்றுமில்லாத வெறும் காற்றில் அது நின்றது. வரிசையிலிருந்த கிழவர்கள் கட்டளை தங்களுக்கும்தான் என்று நினைத்து அசையாமல் நின்றார்கள். கப்பல் தலைவன் தூரக்கண்ணாடியில் பார்த்தான். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பிறகு, தன்னுடைய குண்டே தன் பேச்சைக் கேட்காத இடத்தில் தனக்கு என்ன வேலை என்பதுபோல, பாயைத் திருப்பிக்கொண்டு நதியோடு இறங்கிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே நீல்ச்சே யோஸ்டின் வீட்டுக்கு வந்தாள். பெரிய உடம்பும், மாவு ஒட்டிய புருவமும், புருஷன் செத்த பிறகு யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாத வாயும் அவளுக்கு.

"கர்னல், நிறுத்தினதுக்கு நன்றி. இன்னும் ரெண்டு வீடு தள்ளி நிறுத்தியிருக்கலாம்."

"வந்த அவசரத்துல இடம் பார்க்க முடியல, நீல்ச்சே."

"அது என்னிக்கு இறங்கும்?"

"தெரியல."

"தெரிஞ்சா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மாவு பிசையப் போனாள்.

அடுத்த ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்தில் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் அந்த வாரத்துப் பிரசங்கத்தை அவர் முன்பே தயார் செய்துவிட்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று பார்த்தபோது, எல்லோருக்கும் தெரிந்ததை என்னத்தைச் சொல்ல என்று விட்டுவிட்டார். குண்டு எப்போதும் சூடாக இருந்தது. சுட்ட பீரங்கியின் வெப்பம் அதைவிட்டுப் போகவேயில்லை. ஆகவே பனிக்காலத்தில் நீல்ச்சேயின் கூரையில் மட்டும் பனி தங்கவில்லை, ஊர்ப் பூனைகளெல்லாம் அங்கே வந்து படுத்துக்கொண்டன, துவைத்த கம்பளியைக் காயப்போடப் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளிடம் அனுமதி கேட்டு வந்தார்கள். குடியேற்றங்களின் படைத் தளபதியிடமிருந்து ஆட்கள் வந்து, இரும்புக்குப் பஞ்சமான காலம், அதை உருக்கவேண்டும் என்று கேட்டார்கள். மாரென்கில்காரர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சங்கிலி மாட்டி எருதுகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தபோது, சங்கிலிதான் அறுந்தது. அந்த அறுந்த சங்கிலியை உருக்க எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் பார்ப்பதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போது எல்லோருடைய நடையும் தானாக வேகம் பிடிக்கும், பேச்சு தானாகத் தணியும். புதுப்பெண்ணை அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். கைக்குழந்தைக்கு முதல்முதலாகச் சொல்லிக்கொடுக்கிற வார்த்தைகளில் 'மேலே' என்பதும் ஒன்றாயிற்று. ஊர்ப்படையின் பயிற்சியும் மாறியது. சந்தைத் தெருவில் கர்னல் வாய் தவறி 'முன்னே நட' என்று சொல்லிவிட்டால், கேட்கிற காதெல்லாம் மனுஷக் காதாகத்தான் இருக்கும் என்று எப்படி நம்புவது? ஆகவே படை குன்றுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் கட்டளை கேட்டு நடந்தது, ஊருக்குள் வருகிறபோது கர்னல் தாழ்ந்த குரலில் "சரி, போவோமா?" என்று கேட்பார், ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே போவதுபோல நடப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு மரியாதையாக அணிவகுத்த படை வேறு கிடையாது.

சண்டை முடிந்தது. நாடு மன்னரை உதறிவிட்டுத் தன் காலில் நின்றது. மேய்ச்சல் வெளியில் யோஸ்ட் படையைக் கடைசியாக நிறுத்தி, ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார். மேயர் தேர்தல் மட்டும் பழையபடியே நடந்தது, அதாவது நடக்கவில்லை. கட்டளை போட்டவர் பதவியிலிருந்து இறங்கினால் கட்டளையும் இறங்கிவிடுமோ என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள ஊரில் யாருக்கும் விருப்பமில்லை. வருஷாவருஷம் நகர்மன்றத்தில் அவர் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் ஆமோதிப்பார்கள், பாதிரியார் ஜெபம் சொல்வார், முடிந்தது.

முதலில் யோஸ்டுக்கு இது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்துவிட்டது. அவர் கெட்ட மேயர் இல்லை; துறையைக் கல்லால் கட்டினார், பஞ்சகாலத்தில் தானியத்தைப் பூட்டிவைத்தவர்களின் கதவைத் தானே போய்த் தட்டினார், தெருநாய்களுக்கும் தெருச்சண்டைகளுக்கும் நியாயம் சொன்னார். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் கல் பாவுவது என்று பேச்சு வந்தபோது, தன் தோல் தொட்டிகளுக்குப் போகிற தெருவுக்குத்தான் என்றார். சைலஸ் ப்ரூவிட் என்ற இளம் வழக்கறிஞர், நியாயமான ஆள், எழுந்து நின்று, "மேயர் அவர்களே, பள்ளிக்கூடத் தெருவுல பிள்ளைங்க முழங்கால் சேத்துல நடக்கிறாங்க" என்று ஆரம்பித்தார். யோஸ்ட் ஜன்னல் வழியாகக் குண்டு நின்ற திசையைப் பார்த்தார், அவ்வளவுதான். ப்ரூவிட் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் யோஸ்ட் மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனபோது நீல்ச்சே ரொட்டியை நீட்டிவிட்டு அதைக் கையிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நீங்க ஜன்னல் பக்கம் பார்த்தீங்களாமே."

"பார்க்கக் கூடாதா?"

"பாருங்க. என் கூரை மேல நிக்கிறதைத்தானே பார்த்தீங்க, உங்க கூரை மேல இல்லையே. அதுக்குக் கீழ நான்தான் தூங்கறேன், கர்னல். தெருவுக்கு நீங்க கல் போட என் தலையைக் காட்டாதீங்க."

அவர் ரொட்டியோடு வெளியே வந்தார். ரொட்டி சூடாக இருந்தது; அன்று அதைச் சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கல் தோல் தொட்டித் தெருவுக்குத்தான் முதலில் பாவப்பட்டது.

வயதானபோது அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, மாடிப்படி ஏறினால் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போகிற வலி. வைத்தியர் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார், அந்த உதட்டுச் செய்தி வைத்தியர் வீடு திரும்புவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. மேயர் செத்துப்போனால் குண்டு என்ன செய்யும்? நகர்மன்றம் கூடியது. மேயர் குதிரை ஏறக் கூடாது, ஈரக்காற்றில் நிற்கக் கூடாது, பன்றிக்கொழுப்பு சாப்பிடக் கூடாது, தோல் தொட்டிப் பக்கம் போகக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக நதியைக் கடக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சைலஸ் ப்ரூவிட்தான், கண்ணில் நீர் தளும்பக் கொண்டுவந்தார். காலையில் மேயர் மூச்சு விடுகிறாரா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க ஆள் வைத்தார்கள். கஞ்சி வந்தது, போர்வை வந்தது, கால் பிடித்துவிட ஆள் வந்தது. தெருவில் அவர் தடுக்கினால் பத்துக் கைகள் தாங்கின. அவருக்கு எதிராக ஒரு குரலும் எழாத ஊரில், அவர் தனியாக ஒரு தெருமுனை வரைக்கும் போக முடியவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, படகோட்டி ஆமோஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, அக்கரையிலேர்ந்து வரேன். உங்க மகளுக்கு நேத்திலேர்ந்து வலி. பிள்ளை இறங்கலையாம். மருத்துவச்சி முகத்தைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. அப்பாவைக் கூப்பிடுங்கன்னு அவங்க சொன்னாங்க."

யோஸ்ட் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வா போகலாம்."

ஆமோஸ் நகரவில்லை. "சொல்லத்தான் வந்தேன், ஐயா. ஏத்திக்கிட்டுப் போக வரல. நதி நடுவுல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீல்ச்சே அம்மாவை நான் கொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் துறைக்கு நடந்தார். ஊர் அவருக்கு முன்னால் அங்கே வந்து நின்றது. யாரும் அவரைத் தொடவில்லை, யாரும் கடுமையாகப் பேசவில்லை. படகுகளுக்கும் அவருக்கும் நடுவில் சும்மா நின்றார்கள், அன்போடு, தோளோடு தோள் ஒட்டி, அவரே ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்த மாதிரி வரிசையாக.

"ப்ரூவிட், என் பொண்ணு சாகக் கிடக்கிறா" என்றார் யோஸ்ட்.

"தெரியும் ஐயா" என்றார் ப்ரூவிட். அவர் முகம் வெளுத்திருந்தது. "எங்களை மன்னிச்சுடுங்க. அந்த வீட்டை விட்டு வரமாட்டேங்கிற நீல்ச்சேயும் ஒருத்தர் பெத்த பொண்ணுதானே."

யோஸ்டுக்கு அந்தக் குரல் இன்னும் இருந்தது. 'விலகு' என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் பிளந்திருக்கும். வாயைத் திறந்தவர், தன் ஊர்க்காரர்களின் முகங்களைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தனக்கு மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அந்த முகங்களில் இருந்தது. கிட்டத்தில் பார்த்தபோது அது பயம்தான். நின்ற இடத்தில் நின்றுகொண்டேயிருக்கிற பயம். மேய்ச்சல் வெளியில் கடைசியாக நிறுத்திய படை அவர் நினைவுக்கு வந்தது. நில் என்று சொன்னவன் போ என்று சொல்லாவிட்டால், நிற்கிறவன் என்ன செய்வான், பாவம்? நின்றுகொண்டுதான் இருப்பான். இது கர்னலுக்குத் தெரியாததல்ல. நாற்காலி மெத்தென்று இருக்கும்போது மனுஷனுக்கு எதெல்லாமோ மறந்துபோகிறது.

அவர் திரும்பிச் சந்தைத் தெருவுக்கு நடந்தார். ஊர் பின்னாலேயே வந்தது. ரொட்டிக்கடை வாசலில் நின்று, "நீல்ச்சே, வெளியே வா. அதை இறக்கப்போறேன்" என்றார்.

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். "அடுப்புல ரொட்டி இருக்கு."

"ரொட்டி போனா போகுது. நான் எங்க நிறுத்தினேனோ அங்கேயே இறங்கிட்டா?"

"அப்ப உங்களுக்கே நிச்சயம் இல்லையா, கர்னல்?"

"இல்லை" என்றார். அந்த ஊரில் யாரும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நீல்ச்சே நகர்ந்து, கதவில் அவருக்கும் இடம் விட்டாள்.

"நிச்சயம் இல்லேன்னு சொல்ற ஆளை நம்பலாம். நீங்க சொல்றது பலிச்சா நான் நகர வேண்டியதில்ல. பலிக்கலேன்னா எங்கூட இங்கேயே நில்லுங்க."

அவர் போய் அவள் பக்கத்தில் நின்றார். மேலேயிருந்து இறங்கிய வெப்பம் இருவர் தலையிலும் கை வைத்ததுபோல இருந்தது. யோஸ்ட் ஹாஸ்பெல் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அதை உண்மையாகப் பார்த்தார். மழையில் அது துரு ஏறியிருந்தது. ஒரு பக்கம் பாசி படிந்திருந்தது. களைத்துப்போனதுபோலத் தெரிந்தது. அவர் கத்தவில்லை, வீட்டுக்கு அனுப்புகிற சிப்பாயிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"சண்டை முடிஞ்சுபோச்சு. உங்கிட்ட யாரும் வந்து சொல்லல, அது என் தப்பு. நீ நின்னது போதும். நல்லா நின்னே. எனக்கும் உம்மேல கோபமில்ல, இந்த ஊருக்கும் இல்ல. கலைஞ்சு போ. உன் வீட்டுக்குப் போ."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. அதன் பிறகு குண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது, படுக்கையில் புரண்டு படுக்கிற மனுஷனைப்போல. சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிப் புறப்பட்டது. கூரையைத் தாண்டி, தையற்காரர் கடைப் பலகையைத் தாண்டி, தெருவுக்கு மேலே, வயதான எருது வீடு திரும்புகிற வேகத்தில் அது போனது. அது தலைக்கு மேலே கடந்தபோது ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். துறை வரைக்கும் ஊரே அதற்குப் பின்னால் நடந்து போய் வழியனுப்பியது. நதிக்கு மேலே ஏறி, தண்ணீரில் தன் நிழலை இழுத்துக்கொண்டு, கடல் இருக்கிற திசையில் அது போய்க்கொண்டேயிருந்தது, ஒரு புள்ளியாகி, புள்ளியும் இல்லாமலாகிற வரைக்கும்.

யாரும் சொல்லாமலே ஆமோஸ் கயிற்றை அவிழ்த்தான். ஒரு துடுப்பை சைலஸ் ப்ரூவிட் எடுத்துக்கொண்டார். அவருக்குத் துடுப்புப் போடத் தெரியாது, ஆனாலும் போட்டார்.

மாக்டெல்ட் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தபோது, அவள் உதடு வெடித்திருந்தது. "யார் உங்களை விட்டாங்க, அப்பா?"

"யாரையும் கேட்கல" என்றார் அவர்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரையும் படையையும் இரும்பையும் ஏவிய அந்த மனிதர் அந்த அறையில் ஒரு கட்டளையும் போடவில்லை. மருத்துவச்சி தண்ணீர் கேட்டால் தண்ணீர் எடுத்துக்கொடுத்தார், நகரச் சொன்னால் நகர்ந்தார், மகள் நெரித்த நெரிப்பில் விரல் எலும்பு கடகடத்தபோதும் கையை இழுக்கவில்லை. உச்சிப்பொழுதில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அது முதல்முதலாகக் கத்தியபோது, வெளியே மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் தலை தூக்கின. மாரென்கில் துறையில் காத்திருந்த ஜனங்களுக்கு யாரும் போய்ச் செய்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாக்டெல்ட் தூங்கினாள், பிழைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் மாரென்கில்லில் நிஜமான தேர்தல் நடந்தது. சைலஸ் ப்ரூவிட் எதிர்த்து நின்றார். சந்தை நடுவில் ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்று, தோல் தொட்டித் தெருவின் கல்லைப் பற்றியும் பள்ளிக்கூடத் தெருவின் சேற்றைப் பற்றியும் இத்தனை வருஷம் விழுங்கியதையெல்லாம் கொட்டினார். யோஸ்ட் இன்னொரு பீப்பாய்மேல் ஏறிப் பதில் சொன்னார். துறையைக் கட்டியது யார் என்றார், கல் விஷயத்தில் தான் செய்தது தப்புதான் என்றும் அதே மூச்சில் சொன்னார். இரண்டு பேரும் தொண்டை கட்டுகிற வரைக்கும் சண்டை போட்டார்கள். ஜனங்கள் கேலி செய்தார்கள், குறுக்குக் கேள்வி கேட்டார்கள், ஒருவன் மேயரின் முகத்துக்கு நேராக, "நீங்க பேசினதுல பாதி பொய்" என்றான். நெஞ்சுவலிக்காரர் என்று யாரும் பார்க்கவில்லை. அந்தத் தேர்தலில் யோஸ்ட் தோற்றார். பள்ளிக்கூடத் தெருவுக்குக் கல் பாவியபோது தானே போய் நின்று, கல் கோணலாக இருக்கிறது என்று ப்ரூவிட்டோடு சண்டை பிடித்தார். அடுத்த தேர்தலில் ஜெயித்தார், அதற்கடுத்ததில் மறுபடியும் தோற்றார். தினமும் ரொட்டி வாங்கப் போய், நீல்ச்சேயிடம் அன்றைய அரசியலுக்கு வசவு வாங்கிக்கொண்டு வந்தார். பன்றிக்கொழுப்பு சாப்பிட்டார். நினைத்தபோதெல்லாம் நதியைக் கடந்து பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தார். அவளோடு கத்திப் பேசுவதில் அவர் ஜெயித்ததே இல்லை.

கடைசியில் ஒரு வசந்தகாலத்துக் காலையில், தோல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தபடி, கை தண்ணீருக்குள் இருக்க, யோஸ்ட் ஹாஸ்பெல் இறந்துபோனார். தேவாலய மணி அடித்தது. ஜனங்கள் கடையை அப்படியப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நீல்ச்சே மாவுக் கையோடு வந்து, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ப்ரூவிட் ஒரு பக்கம் தோள் கொடுத்தார், ஆமோஸ் ஒரு பக்கம் கொடுத்தான். சந்தைத் தெரு வழியாகத்தான் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள், மெதுவாக, பேசிக்கொண்டே, அவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்கள். அழுதவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அந்த ஊர்வலத்தில் ஒருவரும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.